மீன்முள் வாய்க்கால்

பிச்சாவரம் போய்வந்த எல்லாருடைய நினைவிலும் தங்குவது ஏறத்தாழ ஒரே காட்சிதான். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பயணம், படகுத்துறை, துடுப்புப் படகு. இருபுறமும் தண்ணீருக்குள் பல கால்களை ஊன்றிக்கொண்டு நிற்கும் சுரபுன்னை மரங்கள். ஓரிடத்தில் அவற்றின் கிளைகள் தலைக்கு மேலே கூடி வாய்க்காலைப் பச்சைக் குகையாக்கிவிடும். 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்துக்காக எம்.ஜி.ஆர். இங்கே வந்து போனதைப் படகோட்டிகள் இன்றும் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் படகில் போனவர்களின் கண்ணில் படாத ஒன்று இருந்தது. வாய்க்கால் ஓரத்து மரங்கள் வெறும் திரையாகத்தான் நின்றன. திரையை விலக்கி உள்ளே நடந்தால் பல இடங்களில் வெட்டவெளி. வெடித்த களிமண், அதன்மேல் வெள்ளையாகப் பூத்த உப்பு, அங்கங்கே உமரிச் செடி. மரமும் இல்லை, கன்றும் இல்லை. பக்கத்திலேயே காய்த்துத் தொங்கும் மரங்கள் இருந்தன. ஆண்டுதோறும் அவற்றின் விதைகள் கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்தில் மிதந்து வந்துகொண்டும் இருந்தன. ஆனாலும் அந்தத் திடலில் எதுவும் பிழைக்கவில்லை.

ஏன் என்ற கேள்விக்கு நெடுங்காலம் தவறான விடைதான் சொல்லப்பட்டது. சரியான விடை தெரிந்தபோது காடு திரும்பி வந்தது. காட்டோரத்து ஏழைகளின் மேல் கிடந்த ஒரு பழியும் நீங்கியது. அந்த விடையைப் புரிந்துகொள்ள, இந்த மரங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால், மறுநாள் துண்டுகள் சுருங்கி, ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். நாம் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. வெளியே இருந்த உப்பு, மாங்காயின் திசுக்களுக்குள் இருந்த நீரை இழுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சவ்வூடுபரவல் என்று படித்தோமே, அதுதான். வேம்பையோ நெல்லையோ கடல்நீர் ஊறிய மண்ணில் நட்டால் வேருக்கும் இதே கதிதான். காலடியில் தண்ணீர் தேங்கி நிற்கும், செடியோ தாகத்தில் செத்துப்போகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அவ்வளவு உப்பில் வேரூன்றி, பச்சை இலை விட்டு, பூத்துக் காய்ப்பது மரங்களின் உலகத்தில் மிகச் சிலவற்றுக்கே கைவந்த வித்தை.

பிச்சாவரத்தில் அதிகமாக இருப்பது வெண்கண்டல். தாவரவியலில் அவிசென்னியா மரினா என்பார்கள். மண்ணிலுள்ள உப்பில் பெரும்பங்கை இதன் வேர் வாசலிலேயே தடுத்துவிடுகிறது. தப்பி உள்ளே நுழைந்த உப்பு இலைவரை ஏறும். இலையில் உள்ள நுண்ணிய சுரப்பிகள் அதை வெளியே தள்ளிவிடும். வெயில் ஏறிய நேரத்தில் ஓர் இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். உற்றுப் பார்த்தால் உப்புப் பொடியே தெரியும். படகுக்காரர்கள் சுரபுன்னை என்று சொல்லும் ரைசோபோராவுக்கு இந்தச் சுரப்பிகள் கிடையாது. அது வேரிலேயே இன்னும் கறாராக வடிகட்டிவிடுகிறது. ஒரே சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்கள், ஒரே துன்பத்துக்கு இரண்டு வழி கண்டிருக்கின்றன.

உப்பு ஒரு துன்பம் என்றால் மூச்சு மற்றொன்று. வேர்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். தோட்டத்து மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று இருக்கும். கழிமுகச் சேற்றிலோ மேலே உள்ள மெல்லிய அடுக்கைத் தாண்டினால் காற்றே கிடையாது. சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அது காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு. அதனால் வெண்கண்டல் தன் வேர்களைச் சேற்றிலிருந்து மேல்நோக்கி, பென்சில் பென்சிலாக, வானத்தைப் பார்த்து நீட்டுகிறது. இவை மூச்சு வேர்கள். இரண்டு மூன்று மீட்டர் உயரமே உள்ள ஒரு மரத்தைச் சுற்றிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூச்சு வேர்கள் இருக்கக்கூடும். தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில் அவற்றின் துளைகள் வழியே காற்று உள்ளே போய்ச் சேற்றுக்கடியில் இருக்கும் வேருக்குச் சேரும்.

இந்த இடத்தை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏற வேண்டும், ஆனால் வடியவும் வேண்டும். ஏறாவிட்டால் மண் காய்ந்து உப்புப் பூக்கும். வடியாவிட்டால் மூச்சு முட்டும். இந்த மரத்தின் உயிர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

பிள்ளை பெறுவதிலும் இவை தனி ரகம். நிலத்து மரங்களின் விதை மண்ணில் விழுந்து, காத்திருந்து, மழைக்கு முளைக்கும். நாளுக்கு இருமுறை தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் விதை காத்திருக்க முடியுமா? சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்துவிடுகிறது. முருங்கைக்காய் போலத் தொங்குகிறதே, அது காய் அல்ல, பிறந்து வளர்ந்துகொண்டிருக்கும் நாற்று. பருவம் வந்ததும் கழன்று விழும். கீழே வெறும் சேறு இருந்தால் குத்தி நிற்கும். தண்ணீர் இருந்தால் மிதந்து போய், தனக்குத் தகுந்த ஆழம் கிடைத்த இடத்தில் வேர்விடும். வெண்கண்டலின் விதையும் பழத்துக்குள்ளேயே தோலைக் கிழித்து முளைத்துத் தயாராகத்தான் விழுகிறது. ஆக, இந்தக் காட்டுக்கு நடவு செய்ய ஆள் தேவையே இல்லை. ஓதமே நாற்றை எடுத்துப் போய்ச் சேர்த்துவிடும். நிலம் ஏற்றுக்கொண்டால் போதும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயர் வந்ததும் இந்தக் காட்டின் ஒரு மரத்தால்தான். தில்லை மரம் கோயிலின் தலமரம். ஊருக்குள் தில்லைவனம் மறைந்து பல காலம் ஆகிவிட்டது. மரம் பிச்சாவரத்தில் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால் விறகு வெட்டுபவர்கள் விலகிப் போவார்கள். சுரபுன்னையில் இரண்டு இனங்கள் தாமாகவே கலந்து பிறந்த ஒரு கலப்பினமும் இங்கே உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கதிரேசன் அதைக் கண்டு விவரித்து, ரைசோபோரா அண்ணாமலயானா என்று பல்கலைக்கழகத்தின் பெயரையே சூட்டினார்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவே ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு திட்டுகளும் அவற்றைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் வாய்க்கால்களுமாக, ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பில் பிச்சாவரம் விரிந்திருக்கிறது. இங்கே கடலின் ஏற்றவற்றம் மிகச் சிறியது. வங்கத்தின் சுந்தரவனத்தில் ஓதம் நான்கைந்து மீட்டர்கூட ஏறும். குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் அதற்கும் மேலே. சோழமண்டலக் கரையிலோ ஒரு மீட்டரைத் தொடுவதே அரிது. உயர்ந்த ஓதம் உள்ள இடத்தில் நிலம் கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் தண்ணீர் எல்லாவற்றையும் மூடி, பிறகு எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு இறங்கிவிடும். பிச்சாவரத்தில் அந்தத் தாராளம் கிடையாது. ஒரு சாண் மேடானால் தண்ணீர் வராது. ஒரு சாண் பள்ளமானால் வந்த தண்ணீர் போகாது. ஒரு சாணில் வாழ்வும் சாவும் தீர்மானமாகிற காடு இது.

அந்த ஒரு சாண் எப்படித் தவறிப்போனது? அதற்கு 1911க்குப் போக வேண்டும்.

அன்றைய ஆங்கில அரசு பிச்சாவரத்து மரங்களை முறைவைத்து வெட்டத் தொடங்கியது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அதன் முறை வந்ததும் மொட்டையடிப்பது. காட்டுத்துறையின் வழக்கில் இதற்குக் கூப்பு என்று பெயர். வெட்டிய இடத்தில் காடு மறுபடி தானே தழைக்கும், அடுத்த முறை வரும்போது மீண்டும் வெட்டலாம் என்பது கணக்கு. மலைக்காடுகளில் பழகிய கணக்கை அப்படியே கழிமுகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாடு விடுதலை அடைந்த பிறகும் அதே முறை தொடர்ந்து 1970களில்தான் நின்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, அரசாங்கத்தின் ஆணைப்படி, திட்டமிட்டு நடந்த வெட்டு.

வெட்டு நின்றது. காடு திரும்பவில்லை. அப்போது பழி யார்மேல் விழுந்தது? விறகு பொறுக்க வந்த பெண்களின் மேலும், மாடு மேய்த்தவர்களின் மேலும். அவர்கள் காட்டைத் தொட்டதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அடுப்பெரிக்க வேறு வழியில்லாத வீடுகள் அவை. ஆனால், மாடு கடித்ததால் மட்டும் ஒரு நிலம் உப்புத் திடலாகிவிடாது என்பதை யாராவது கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். வேலியும் காவலும் போட்டு வைத்த இடத்திலும் முளைக்காத கன்று, நோய் வேறெங்கோ இருப்பதைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

நோயைக் கண்டுபிடித்தவர்கள் சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். சுவாமிநாதனை நெல்லோடும் கோதுமையோடும்தான் நாம் சேர்த்து நினைக்கிறோம். கடல்மட்டம் உயரப்போவதைக் கருதி, 1990இலேயே, பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளுக்கான பன்னாட்டுச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர் அவர். வெண்கண்டலிலிருந்து உப்பைத் தாங்கும் மரபணுவை எடுத்து நெல்லில் சேர்த்துப் பார்த்ததும் அவருடைய நிறுவனத்தில்தான். அங்கே கடலோர ஆய்வுகளை முன்னின்று நடத்திய வி. செல்வமும் அவருடைய குழுவினரும், 1990களில் பிச்சாவரத்தின் வெட்டவெளிகளுக்குள் இறங்கி, மண்ணின் உயரத்தையும் உப்பையும் அளந்தார்கள். அவர்கள் கண்டது இதுதான்.

அலையாத்தி மண் நுண்ணிய களியும் மக்கிய இலையும் சேர்ந்தது. நீரை நிறைய உறிஞ்சி உப்பி நிற்கும். மரம் இருக்கும்வரை நிழல் இருந்தது, ஈரம் காக்கப்பட்டது. ஒரு பகுதியை ஒட்ட வெட்டியதும் சூரியன் நேரே மண்ணில் விழுந்தது. மண்ணிலிருந்த நீர் ஆவியானது. பிழிந்து காயவைத்த துணி சுருங்குவது போல மண் சுருங்கிக் கீழே அமிழ்ந்தது. வெட்டாமல் விட்ட வாய்க்கால் ஓரம் பழைய உயரத்திலேயே நிற்க, வெட்டிய நடுப்பகுதி மட்டும் தாழ்ந்து, நிலம் ஒரு தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது. விளிம்பு மேடு, நடு பள்ளம்.

இனி நடப்பதை நீங்களே ஊகிக்கலாம். பெரிய ஓதம் வரும்போது தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தாம்பாளத்துக்குள் விழும். ஓதம் இறங்கும்போது விளிம்பு தடுக்கும். உள்ளே விழுந்தது உள்ளேயே நிற்கும். சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவரும். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் பாத்திகட்டி உப்பு விளைவிக்கிறார்களே, அதே வேலையை ஆள் இல்லாமல் பிச்சாவரத்து மண் தானே செய்துகொண்டிருந்தது. கடல்நீரையே தாங்கும் வெண்கண்டலாலும், கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்பேறிய அந்தக் களியைத் தாங்க முடியவில்லை. மிதந்து வந்த நாற்றுகள் அதில் விழுந்து கருகின. வடியாத தண்ணீரில் மூச்சு வேருக்கும் வழியில்லை.

ஆக, வெட்டியது மரத்தை. கெட்டது நிலத்தின் உயரம். விறகு பொறுக்கியவர்களுக்கும் மாட்டுக்கும் இதில் பங்கு மிகக் குறைவு. காட்டைச் சாகடித்தது காட்டை 'மேலாண்மை' செய்த முறையேதான் என்று அறிவியல் சொல்லிவிட்டது.

நோய் தெரிந்ததும் மருந்து எளிமையாக இருந்தது. தாம்பாளத்தின் விளிம்பை உடைத்து, ஓதம் உள்ளே வரவும் வெளியே போகவும் வழி வெட்ட வேண்டும். அருகிலுள்ள இயற்கை ஓடையிலிருந்து வெட்டவெளியின் நடுவழியே ஒரு முதன்மை வாய்க்கால். அதிலிருந்து இருபக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் கறி தின்று முடித்த மீனின் முள் போலவே இருக்கும். அதனால்தான் மீன்முள் வாய்க்கால் என்று பெயர் வந்தது. கிளைகளை நேர்க்கோணத்தில் வெட்டாமல் சாய்த்து வெட்டுவதால் தண்ணீர் தட்டுத்தடங்கல் இன்றி ஏறி இறங்கும்.

வாய்க்கால் வெட்டிய பிறகு ஓதம் நாள்தோறும் தேங்கிய உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துப்போனது. ஐப்பசி கார்த்திகை மழை மிச்சத்தைக் கழுவியது. மண்ணின் உப்பு மரம் தாங்கும் அளவுக்கு இறங்கியதும் வாய்க்கால் கரையின் சரிவில், அடியிலும் இல்லாமல் உச்சியிலும் இல்லாமல், அந்த ஒரு சாண் கணக்குப் பார்த்து வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். கொஞ்ச காலத்தில் நடாத கன்றுகளும் முளைத்தன. ஓதம் தன் பழைய வேலையை, விதை கொண்டுவரும் வேலையை, மீண்டும் எடுத்துக்கொண்டது.

இத்தனை வாய்க்காலையும் வெட்டியது யார்? சேற்றுக்குள் இயந்திரம் இறங்காது. இறங்கினாலும் சுற்றியுள்ள மரத்தை நாசம் பண்ணிவிடும். இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால்தான் வெட்ட வேண்டும். வெட்டியவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள். முன்பு பழி சுமந்தவர்களில் பலர் இப்போது மண்வெட்டி பிடித்தார்கள்.

அவர்களில் இருளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிள்ளைக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். பலருக்குப் படகோ வலையோ கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, மூச்சு வேர்களுக்கும் சுரபுன்னை ஊன்றி நிற்கும் முட்டு வேர்களுக்கும் இடையே கையால் தடவித் தடவி இறாலையும் நண்டையும் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்கடியில் வேலை செய்வதால், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். பெண்களும் இப்படித்தான் மணிக்கணக்காகத் தண்ணீரில் நின்று பிழைத்தார்கள். பழங்குடிச் சான்றிதழ்கூட இல்லாமல் நெடுங்காலம் இருந்தவர்கள். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் ஏறும், எங்கே எவ்வளவு நேரம் நிற்கும், எந்தச் சேறு காலை விழுங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு உடம்பில் எழுதிய பாடம். காட்டை மீட்கும் வேலைக்கு இவர்களைவிடத் தகுந்தவர்கள் யார்?

கிராமந்தோறும் ஆண்களும் பெண்களும் உறுப்பினராக மன்றங்கள் அமைந்தன. எந்த இடத்தில் வாய்க்கால், யார் வேலைக்கு, மேய்ச்சலை எங்கே நிறுத்துவது என்று மன்றமும் வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் கூடிப் பேசி முடிவெடுத்தன. மக்களுடைய தேவையும் அதே கூட்டத்தில் பேசப்பட்டது. பள்ளிக்கூடம், குடிநீர், வலை, சாதிச் சான்றிதழ். இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது இந்தக் கடைசிப் பகுதிதான். காட்டைப் பற்றி மட்டும் பேச வந்திருந்தால், பசித்த மக்கள் ஓரிரு மாதம் கேட்டுவிட்டுக் கலைந்திருப்பார்கள்.

பலனை வானத்திலிருந்து அளந்தார்கள். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2003இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் செல்வமும் குழுவினரும் எழுதிய கட்டுரை, பதினைந்து ஆண்டுகளில் பிச்சாவரத்தில் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருப்பதாகக் காட்டியது. கிட்டத்தட்ட இரு மடங்கு. இதே முறை முத்துப்பேட்டைக்கும், ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களுக்கும், ஒடிசாவுக்கும் போனது.

அடுத்த ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது.

தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் இறந்தார்கள். கடலூர் மாவட்டக் கரையின் ஒரு பகுதியை முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பிச்சாவரம் பகுதியில் கடலை ஒட்டி, காட்டுக்கு முன்னால் இருந்த இரண்டு ஊர்கள் முற்றிலும் அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்களுக்குச் சேதம் இல்லை. அலையாத்தி என்ற பெயருக்கே அலையை ஆற்றுவது என்று பொருள் சொல்வார்கள். அந்தப் பெயர் அன்று மெய்யானது என்று ஊர் ஊராகப் பேசினார்கள்.

அறிவியல் அதோடு நின்றுவிடவில்லை, நிற்கவும் கூடாது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் சற்று மேட்டிலும் இருந்தவைதானே, காப்பாற்றியது தொலைவா மரமா என்று வேறு சில ஆய்வாளர்கள் 2006இல் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மரமே இருந்தாலும் கடலோரத்தில் வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேர்களும் தண்டுகளும் நீரின் வேகத்தைக் குறைக்கும் என்பதிலோ, ஆண்டுதோறும் வரும் புயல் அலைக்கு முன்னால் அது பெரிய உதவி என்பதிலோ ஐயம் இல்லை.

சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் அலையாத்தி நடும் ஆர்வம் பொங்கியது. நல்ல எண்ணம்தான். பக்கத்து இலங்கையில் என்ன நடந்தது என்பதை நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே சுனாமிக்குப் பின் அலையாத்தி நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்து 2017இல் எழுதினார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் தேறியது 200 ஹெக்டேர் சொச்சம். தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்க்காமல், தவறான உயரத்தில் நட்டிருந்தார்கள். நட்டு முடித்த பிறகு பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. எளிதாகக் கிடைக்கிறது, குத்தினால் நிற்கிறது என்பதற்காகப் பெரும்பாலும் ரைசோபோராவையே நட்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் புளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளரும் பல ஆண்டு அனுபவத்தில் இதே முடிவுக்குத்தான் வந்தார். நிலத்தின் உயரத்தையும் நீரோட்டத்தையும் சரிசெய்தால், பக்கத்தில் தாய்மரம் இருக்கும் பட்சத்தில், காடு தானே வரும். நடுவது கடைசி வழி. அவர் அளந்த நல்ல அலையாத்திக் காடுகள் மொத்த நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் தண்ணீருக்குள் இருந்தன. மிச்ச நேரம் சேறு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

என் கருத்தைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். கன்று நடுவதைக் கொண்டாடும் அளவுக்கு, ஒரு நிலத்தில் கன்று ஏன் தானாக வரவில்லை என்று கேட்பதை நாம் மதிக்கவில்லை. இத்தனை லட்சம் கன்றுகள் நட்டோம் என்ற செய்தி பத்திரிகையில் வரும். ஐந்து ஆண்டு கழித்து எத்தனை நிற்கின்றன என்ற செய்தி வருவதில்லை. பிச்சாவரத்தில் மரத்தைவிடத் தண்ணீருக்கு முதல் மரியாதை கொடுத்தார்கள். அதனால்தான் அங்கே மரம் நிற்கிறது.

அங்கே கிடைத்தது மரம் மட்டுமில்லை. உதிரும் இலை சேற்றில் மக்கி நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அதைத் தின்னும் சிற்றுயிர்களை நம்பிக் கடலிலிருந்து இறால் குஞ்சுகளும் மடவைக் குஞ்சுகளும் வாய்க்காலுக்குள் வந்து வளர்கின்றன. அவற்றைத் துரத்திக்கொண்டு கொடுவா வரும். சேற்று நண்டுகள் வளை தோண்டும்போது மண்ணுக்குள் காற்றும் நீரும் போகும். மரத்துக்கு அதுவும் ஒரு துணை. இலையாகவும் வேராகவும் சேற்றில் புதையும் கரி, காற்றில்லாத அந்த ஆழத்தில் நூற்றாண்டுக் கணக்கில் மக்காமல் தங்குகிறது. புவி சூடேறிவரும் இந்தக் காலத்தில் அது சிறிய சேவை இல்லை. 2022இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி கிடைத்தது.

தகுதி கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது பெரிய ஆபத்து. இரண்டு காரணங்கள். ஒன்று, நன்னீர். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால்தான் இந்தக் காட்டுக்கு வயிறார ஆற்றுநீர் கிடைக்கும். 1934இல் மேட்டூர் அணை எழுந்ததிலிருந்தே காவிரியின் கடைமடைக்கு வரும் தண்ணீர் கட்டுப்பாட்டுக்குள் போய்விட்டது. கான்சாகிப் வாய்க்கால் வழியே பாசனத்தின் மிச்சம் வருகிறது. வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கிறது. இரண்டும் பொய்க்கும் ஆண்டில் உப்பு ஏறத்தான் செய்யும். உப்பைக் குறைவாகத் தாங்கும் இனங்கள் அருகிப்போக, எதையும் தாங்கும் வெண்கண்டலே எங்கும் பரவுவது நன்னீர்க் குறைவின் அடையாளம்.

இரண்டாவது, வண்டல். ஓதத்தோடு வரும் வண்டல் மீன்முள் வாய்க்கால்களில் படிந்துகொண்டே இருக்கிறது. வீட்டுச் சாக்கடை மாதிரி, ஊர்க் கண்மாய் மாதிரி, இதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர்வார வேண்டும். விட்டுவிட்டால் வாய்க்கால் மேடிட்டு, தாம்பாளத்தின் விளிம்பு மீண்டும் எழும். உப்பு மீண்டும் தேங்கும். ஒரு திட்டத்தின் பணம் மூன்றாண்டிலோ ஐந்தாண்டிலோ தீர்ந்துவிடும். வண்டலுக்குத் திட்டக் காலம் தெரியாது. அதனால்தான் இந்தக் காட்டின் ஆயுள் கிராம மன்றங்களின் கையில் இருக்கிறது என்கிறேன். தூர்வாரும் கூலி ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். காட்டுக்குள் மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உறுதியாக இருக்க வேண்டும். முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இருக்க வேண்டும். அரசு இவற்றைச் செலவுக் கணக்கில் எழுதாமல் காட்டைக் காக்கும் கணக்கிலேயே எழுத வேண்டும்.

உங்கள் கைபேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பிச்சாவரத்தைத் தேடிப் பாருங்கள். பெரிதாக்கிக்கொண்டே போனால் காட்டுக்குள் இரண்டு வகையான தண்ணீர்க் கோடுகள் தெரியும். நெளிந்து நெளிந்து போகிறவை இயற்கை ஓடைகள். நேராக ஒரு தண்டும் இருபக்கமும் சாய்ந்த முட்களுமாக இருப்பவை மனிதர்கள் மண்வெட்டியால் வெட்டியவை. அடுத்த முறை அங்கே படகேறும்போது, படப்பிடிப்பு நடந்த இடத்தைப் பார்த்த பிறகு, அந்த வாய்க்கால்களையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஊர்க் கழிமுகத்தில் கன்று நட யாராவது அழைத்தால் தாராளமாகப் போங்கள். போவதற்கு முன், இந்த இடத்தில் தண்ணீர் எத்தனை மணி நேரம் நிற்கிறது, எந்த வழியாக வடிகிறது, மூன்றாம் ஆண்டு தூர்வாரப் போவது யார் என்று கேளுங்கள்.